பழைய வீட்டுக் கொம்பியூட்டருக்கு வேகமான ரேம் பூட்டினால் வேகம் கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் பத்துப் பதினைந்து வருடம் பாவித்த கொம்பியூட்டரைத் திருத்தக் கொண்டுவருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வருவார்கள்: "ரேம் வேகம் பத்தாது, கூடின வேகத்தில ஒன்று போட்டுத் தாங்க."

எங்கள் வீட்டில் 2011இல் வாங்கிய கோர் ஐ3 இருக்கிறது. 4 ஜிபி ரேம், 1333 வேகம். அதைக் கழற்றிவிட்டு 1600 பூட்டினால் மெஷின் பறக்குமா?

பறக்காது. நடக்கிற நடையும் மாறாது. உங்கள் ஐ3 இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது என்றால் (2100, 2120 என்று எண் இருக்கும்) ரேமை இயக்குகிற பகுதி ப்ரோசசருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு இன்டெல் விதித்த உச்சம் 1333 (செக்கனுக்கு 1333 மில்லியன் தடவை அனுப்பும் வேகம்). நீங்கள் 1600 ரேம் பூட்டினாலும் அது 1333இல்தான் ஓடும். ரேமும் பழுதாகாது, மெஷினும் பழுதாகாது, காசு மட்டும் போகும்.

2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ரோசசர் 1600ஐ ஏற்கும். அதிலும்கூட சூம் வகுப்பு, யூடியூப், எக்செல், பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப் என்று போகிற வீட்டு வேலையில் 1333க்கும் 1600க்கும் வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதே மெஷினில் 4 ஜிபியை 8 ஜிபி ஆக்கிப் பாருங்கள். அது தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும்: கடையில் 1333 இல்லை, 1600தான் இருக்கிறது, விலையும் ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். வேகம் கூடிய ரேம் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதுதான் வீண்.

1333இலிருந்து 1600 என்றால் நூற்றுக்கு 20 கூடுதல் அல்லவா? அந்த இருபதாவது கிடைக்க வேண்டாமா?

கணக்குச் சரி. இந்த மெஷின்களில் இருப்பது டிடிஆர் என்ற ரேம் வகை; உங்கள் 1333, 1600 இரண்டும் அதன் மூன்றாம் தலைமுறை, டிடிஆர் 3. டிடிஆர் ரேம் ஒரு தடவைக்கு 8 பைட் அனுப்பும். 1333 என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 10.6 ஜிபி, 1600 என்றால் 12.8 ஜிபி. ரேமின் ஸ்டிக்கரில் பிசி3-10600, பிசி3-12800 என்று இருப்பது இந்த எண்தான்.

ஆனால் இது மொத்தமாக அள்ளுகிற அளவு. கேட்டதிலிருந்து முதல் சொட்டு வந்து சேர எவ்வளவு நேரம் என்பது வேறு கணக்கு. 1333 ரேமில் அந்தத் தாமதம் வழக்கமாக ரேமின் கடிகாரத்தில் 9 துடிப்பு (சிஎல்9 என்று போட்டிருக்கும்), 1600இல் 11 துடிப்பு. நேரமாக மாற்றினால் முதலாவது 13.5 நானோ செக்கன், இரண்டாவது 13.75. வேகமான ரேம் ஒரு நூலிழை பிந்தி வருகிறது! டிடிஆர் 4 இல் 3200 வேக ரேமை சிஎல்22இல் எடுத்தாலும் அதே 13.75தான். தலைமுறை மாறி, எண் இரண்டு மடங்காகியும் காத்திருக்கிற நேரம் அசையவில்லை. விளம்பரக்காரர் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அதோடு, ப்ரோசசர் ஒவ்வொரு தடவையும் ரேமிடம் போவதில்லை. அடிக்கடி தேவைப்படுவதைத் தன் உள்ளேயே கேஷில் வைத்திருக்கும். ஐ3-2100இல் அது 3 எம்பி. கேஷில் கிடைக்காமல் ரேம் வரைக்கும் போக வேண்டிய வேலையில் மட்டுமே ரேமின் வேகத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே ஏட்டில் இருக்கும் 20, வீட்டு மேசைக்கு வரும்போது இரண்டு மூன்றாகிவிடும், பல வேலைகளில் அதுவும் இராது.

அப்படியென்றால் என் மெஷின் ஏன் இப்படி இழுக்கிறது? எதை மாற்றுவது என்று எப்படித் தெரியும்?

காசு செலவழிக்க முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். நீங்கள் வழக்கமாகத் திறக்கிற எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். குரோம், வட்ஸ்அப், வேர்ட் எல்லாம். பிறகு கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி, டிஸ்க், சிபியு என்று மூன்றைப் பாருங்கள்.

மெமரி நூற்றுக்கு 90க்கு மேல் நின்று, டிஸ்கும் 100இல் துடித்துக்கொண்டிருந்தால் ரேம் பத்தவில்லை. இடம் முடிந்ததும் விண்டோஸ் ரேமில் இருப்பதைத் தூக்கி ஹார்ட் டிஸ்கில் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். இதில்தான் கதையே இருக்கிறது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ப்ரோசசருக்கு நூறு நானோ செக்கன்கூடப் போகாது. நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒன்றைத் தேடி எடுக்க 12, 13 மில்லி செக்கன் ஆகும். ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்! 1333ஐ 1600 ஆக்கி நீங்கள் பிடிக்கப் பார்ப்பது இதற்கு முன்னால் ஒரு கணக்கே இல்லை.

மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் டிஸ்க் மட்டும் 100 என்றால் ரேம் போதும், ஹார்ட் டிஸ்க்தான் பாரம். சிபியு 100இல் நின்றால் ப்ரோசசருக்கே வயதாகிவிட்டது. அப்போது ரேமும் உதவாது, டிஸ்கும் உதவாது. எதுவுமே நிரம்பவில்லை, ஆனாலும் இழுக்கிறது என்றால் கீழே சூட்டைப் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

கையில் இருப்பது ஒன்றை மட்டும் வாங்கக் காசு. ரேமா, எஸ்எஸ்டியா?

4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ள மெஷினுக்கு நான் முதலில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பூட்டுகிற, சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) என்றுதான் சொல்வேன். தேடி எடுக்கிற நேரம் 12 மில்லி செக்கனிலிருந்து ஏறத்தாழ 0.1க்கு இறங்கிவிடும். ரேம் நிரம்பி விண்டோஸ் டிஸ்கில் கொண்டுபோய் வைத்தாலும் அந்த வலி குறையும். 2 ஜிபி மட்டும் உள்ள மெஷினுக்கு இந்த வரிசை மாறும். முதலில் ரேமைக் கூட்டுங்கள்.

"எச்61 மதர்போட்டில் பழைய சாட்டாதானே, எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓடாதே" என்று சிலர் தயங்குவார்கள். எச்61 என்பது இரண்டாம் தலைமுறை ஐ3 காலத்துப் போட், சாட்டா என்பது டிஸ்கை அதோடு இணைக்கும் வழி. ஓடாதுதான். அந்த போட்டில் செக்கனுக்கு 300 எம்பிக்குள் நின்றுவிடும், புதிய போட்டில் 550 வரை போகும். வீட்டு மெஷினுக்கு அது பிரச்சினையே இல்லை. நமக்கு வேண்டியது சின்னச் சின்ன ஃபைல்களைச் சட்டென்று எடுப்பது. அது பழைய சாட்டாவிலும் கிடைக்கும்.

எத்தனை ஜிபி போதும்?

விண்டோஸ் 10இல் குரோமும் சூமும் ஒன்றாக ஓட 8. 4 ஜிபியோடு சமாளிக்கலாம், ஆனால் பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்து கலியாண அல்பம் போட்டோஷொப்பில் செய்கிறவர்களுக்கு 16. வெறும் டைப்பிங், ஃபோட்டோகொப்பி நடக்கிற கொமினிகேஷன் கடைக்கு 8க்கு மேல் போட்டால் மிச்சம் சும்மாதான் இருக்கும்.

8 ஜிபியில் ஒன்று வாங்குவதா, 4 ஜிபியில் இரண்டு வாங்குவதா?

இரண்டு. ஒரே மாதிரியான இரண்டு ரேம் சரியான ஸ்லொட்டுகளில் இருந்தால் மெஷின் இரண்டையும் சேர்த்து ஓட்டும். இதை டூவல் சனல் என்பார்கள். அள்ளுகிற அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1333 ரேம் இரண்டு சேர்ந்தால் 21 ஜிபி, ஒற்றை 1600 ரேமில் 12.8. வேகமான ரேம் வேண்டும் என்று நிற்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏற்கெனவே ஒரு 4 ஜிபி இருந்து ஒரு ஸ்லொட் காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் பூட்டினால் போதும். கொள்ளளவும் கூடும், சனலும் இரண்டாகும். நான்கு ஸ்லொட் உள்ள போட் என்றால் எந்த இரண்டு ஜோடி என்பதைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஸ்லொட்டுகள்தான் ஜோடி, ஆனாலும் போட்டின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. பக்கத்தில் பக்கத்தில் குத்திவிட்டு ஒற்றைச் சனலில் ஓட்டுகிற மெஷின்கள் நிறைய வருகின்றன.

தம்பி, எங்களிட மெஷின் அதுக்கும் பழசு. கோர் 2 டுவோ. அதுக்கு ஏதாவது செய்யலாமா?

செய்யலாம் அக்கா, ஆனால் எல்லை இருக்கிறது. அந்தக் காலத்து இன்டெல் மெஷினில் ரேமை இயக்குகிற பகுதி மதர்போட்டில் இருந்தது. ப்ரோசசருக்கும் அதற்கும் நடுவில் எஃப்எஸ்பி என்ற ஒரே பாதை. கல்லடிப் பழைய பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் பாலத்தில் போகக்கூடியதுதான் போகும். அதே காலத்துப் பென்டியம் டுவல் கோர் ஈ5300 போன்றவற்றில் அந்தப் பாதையின் வேகம் 800, அதாவது செக்கனுக்கு 6.4 ஜிபி. ஒரேயொரு டிடிஆர் 2, 800 வேக ரேம் கொடுப்பதும் அதே 6.4 ஜிபி. ஒரு ரேமே பாதையை நிரப்பிவிடுகிறபோது அதைவிட வேகமானதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொள்ளளவிலும் உச்சம் உண்டு. ஜி31 போட் என்றால் 4 ஜிபியோடு முடிந்தது. ஜி41 என்றால் 8 வரை ஏற்கும், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. டிடிஆர் 3 போடுகிற ஜி41 போட்டுக்கு 4 ஜிபி ரேம் வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இப்போது கிடைக்கும் 8 சிப் ரேமைப் பூட்டினால் பாதி அளவு காட்டும், அல்லது மெஷின் எழும்பவே எழும்பாது.

ஒன்லைனில் 4 ஜிபி டிடிஆர் 2 ரேம் மலிவாகக் கிடைக்கிறதே?

விளம்பரத்தை முழுக்க வாசியுங்கள். கீழே எங்காவது 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும் (ஏஎம்டி, இன்டெல் போல ப்ரோசசர் செய்யும் இன்னொரு கொம்பனி). அந்த ரேம் இன்டெல் போட்டில் வேலை செய்யாது. டிடிஆர் 3 இலும் இதே வகை உண்டு. திருப்பி அனுப்பும் செலவு ரேமின் விலையைத் தாண்டிவிடும்.

அண்ணன் கட்டாரிலிருந்து வரும்போது டிடிஆர் 4 ரேம் கொண்டுவந்தார். டிடிஆர் 3 போட்டில் போகுமா?

போகாது, அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். டிடிஆர் 3க்கு 240 பின், டிடிஆர் 4க்கு 288. நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில். மின்னழுத்தமும் வேறு: 1.5 வோல்ட், 1.2 வோல்ட். டிடிஆர் 2க்கும் 3க்கும் பின் எண்ணிக்கை ஒன்றுதான், 240. ஆனாலும் வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றின் ஸ்லொட்டில் மற்றது இறங்காது. வெளிநாட்டில் இருப்பவரிடம் சொல்லி அனுப்புகிறீர்கள் என்றால் பழைய ரேமின் ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். வாயால் சொன்னால் மாறிப்போகும்.

லெப்டொப்புக்கு இன்னொரு சங்கதி. டிடிஆர் 3 என்றும் டிடிஆர் 3எல் என்றும் இரண்டு இருக்கிறது. எல் வகை 1.35 வோல்டில் ஓடும், 1.5 வோல்ட் மெஷினிலும் ஓடும். சாதாரண டிடிஆர் 3ஐ 1.35 மட்டும் கொடுக்கும் லெப்டொப்பில் போட்டால் எழும்பாமல் போகலாம். சந்தேகமென்றால் எல் வாங்குங்கள்.

வேறு வேறு கொம்பனி, வேறு வேறு வேகம் கலந்து பூட்டலாமா?

பூட்டலாம். எல்லாம் மெதுவான ரேமின் வேகத்துக்கு இறங்கி ஓடும். எப்போதாவது இரண்டு ரேம் ஒத்துப்போகாமல் மெஷின் நீலத் திரை காட்டும். அப்படியானால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

சிபியு-இசட்டில் 665 என்று காட்டுகிறது. கடைக்காரர் 1333 என்றுதானே தந்தார். ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை அனுப்பும். சிபியு-இசட் (மெஷினின் உள் விபரங்களைக் காட்டும் மென்பொருள்) காட்டுவது துடிப்பை. 665ஐ இரண்டால் பெருக்குங்கள், 1330 வரும். கடைக்காரரோடு சண்டைக்குப் போக முன் அதே பக்கத்தில் சனல் 'டூவல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பிரயோசனம்.

8 ஜிபி பூட்டினேன், 3.4தான் பாவிக்கலாம் என்று விண்டோஸ் சொல்கிறது.

32 பிட் விண்டோஸ் போட்டிருக்கிறீர்கள். அது 4 ஜிபிக்கு மேல் பார்க்காது, அதிலும் கிராபிக்ஸ் போன்றவற்றுக்கு ஒதுக்கியது போக 3 சொச்சம்தான் மிஞ்சும். 64 பிட் புதிதாகப் போட வேண்டும். அதற்கு முன் ஃபோட்டோக்களை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

அப்போ ரேமின் வேகம் எந்த மெஷினிலும் உதவாதா?

உதவும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல், ப்ரோசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி கேம் விளையாடுகிற மெஷினில் நன்றாகவே உதவும். அந்தக் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடும். படம் வரைகிற வேலை மொத்தமாக அள்ளுகிற வேலை, ஆகவே அள்ளுகிற அளவு கூடினால் திரையில் தெரியும். ஏஎம்டியின் ஏ8, ஏ10 வரிசை இதற்கு நல்ல உதாரணம். ஏ10-5800கே 1866 வேக ரேமை ஏற்கும். அதில் 1333ஐ எடுத்துவிட்டு 1866 பூட்டினால் மகனுக்குச் சந்தோஷம். ஏஎம்டி 2018இல் கொண்டுவந்த ரைசன் 3 2200ஜியும் அப்படித்தான். அதில் ஒற்றை ரேம் போட்டு வைத்திருப்பது அநியாயம்.

ரைசனில் இன்னொரு காரணமும் உண்டு. அதன் உள் இணைப்பு ரேமின் துடிப்போடு சேர்ந்து ஓடுகிறது. அதனால் 2133இல் கிடக்கும் ரேமை அதன் உண்மையான வேகத்துக்குக் கொண்டுவந்தால் கேம் தவிர்த்த வேலைகளிலும் கொஞ்சம் பலன் இருக்கும். பயாஸில் (மெஷின் எழும்பும்போது வரும் மதர்போட்டின் செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை இயக்கினால் போதும், காசே தேவையில்லை.

எச்61 போட்டில் அப்படி பயாஸில் போய் ரேம் வேகத்தைக் கூட்ட முடியாதா?

முடியாது, விடுங்கள்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் மத்தியானம் மட்டும் மெஷின் இழுக்கிறது. ரேம் சூடாகிறதா?

ரேம் அல்ல, ப்ரோசசர். சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்ற அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ரோசசரின் மேல் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கின் இதழ்களுக்குள் தூசி கம்பளிபோல் அடைந்திருக்கும். சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் அறுவடைக் காலத்துக்குப் பிறகு வரும் மெஷின்களைத் திறந்தால் தெரியும். தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினால் பழைய வேகம் திரும்பும். ரேமுக்கு வைத்திருந்த காசில் சின்னப் பங்குகூடப் போகாது.

ரேம் மாற்றியதும் பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் இல்லை.

முக்கால்வாசி நேரம் ரேம் முழுதாக இறங்கவில்லை. பிளக்கைக் கழற்றி, கேஸின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமை எடுத்துத் திரும்ப இரண்டு பக்கமும் டக்கென்று பூட்டு விழும்வரை அழுத்துங்கள். கடற்கரை, வாவிக் கரை வீடுகளில் உப்புக் காற்று தொடுமுனைகளில் ஒரு படலத்தை வைத்துவிடும். வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய்ச் சேரும். புது ரேம் வாங்க வந்த சிலருக்கு இந்த வேலையோடே பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

இவ்வளவு பழைய மெஷினுக்கு இனியும் காசு போடலாமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. நீட்டிப்பில் சேர்ந்த வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. ஆகவே உங்கள் ஐ3க்கு எவ்வளவு ரேம் பூட்டினாலும் இந்தச் சுவர் இருக்கும்.

பிள்ளைக்கு ஓஎல், ஏஎல் படிக்கவும் வீட்டில் எழுதவும்தான் என்றால், பாவித்த டிடிஆர் 3 ரேம் ஒன்றும் சின்ன எஸ்எஸ்டி ஒன்றும் பூட்டி லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பது என் விருப்பம். அது 4 ஜிபியிலேயே சீராக ஓடும், தமிழும் எழுதலாம். பாமினி விசைமுறைக்குப் பழகிய கை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வங்கி வேலை, கடைக் கணக்கு எல்லாம் அதே மெஷினில் விண்டோஸில்தான் என்றால் காசைச் சேர்த்து, எட்டாம் தலைமுறையில் பாவித்த மெஷின் ஒன்று பாருங்கள். அதற்கு ரேம் கூட்ட நினைத்தால் முதலில் விலை கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து டிடிஆர் 4, டிடிஆர் 5 விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. ரேம் போதுமான அளவு ஏற்கெனவே இருக்கிற மெஷினாக வாங்குவது இப்போது புத்திசாலித்தனம்.

சரி, கடைக்குப் போகிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும்?

பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். தலைமுறையும் மின்னழுத்தமும் பொருந்த வேண்டும், ஜி41 போட் என்றால் சிப் எண்ணிக்கையும். வேகம் பழையதுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் சரி. பாவித்த ரேம் என்றால் தொடுமுனையில் கறுப்பு எரிந்த புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே கலர் கலராக லைட் எரிகிற ரேமைக் காட்டினால் விலையைக்கூடக் கேட்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து பூட்டியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு இரவு ஓட விடுங்கள். காலையில் ஒரேயொரு பிழை காட்டியிருந்தாலும் அந்த ரேம் திரும்பப் போக வேண்டியது. அதற்குப் பில்லும், கடைக்காரர் ரேமின் மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கரும் வேண்டும். ஸ்டிக்கரை உரித்திருந்தால் பல கடைகளில் கையில்கூட வாங்க மாட்டார்கள்.